முட்டத்து அக்கா எடுத்துக்கொண்ட பெயர்

என் தோள்பை முழுக்கச் சாளை மீன் வாடை. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். போகட்டும். நீ இருந்திருந்தால் அந்தக் காலி இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்து சிரித்திருப்பாய். முட்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாமல் கைபேசியிலேயே உனக்கு எழுதுகிறேன். அக்கா பேசிவிட்டார், தெரியுமா!

தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களைப் பற்றி நாம் ஆய்வு செய்தபோது, பேசிவிட்டுப் பின்வாங்கினாரே, அந்த அக்காதான். அவர் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எல்லாம் நீ ஏற்படுத்திய பழக்கம்.

முதல் வாரம் நான் கேள்வித்தாளை நீட்டிக் கேட்க, அந்தப் பெண்கள் "ஆமா", "இல்ல" என்று முடித்துவிட்டார்கள். நீதான் தாளைப் பைக்குள் திணித்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே வெள்ளிச்சந்தை வரை நடக்க ஆரம்பித்தாய். நடந்தால் பேச்சு தானாக வந்தது. ஆய்வில் யாருடைய சொந்தப் பெயரும் வரக்கூடாது என்பதால், மாற்றுப்பெயரை அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்றாய். ஒருத்தி தன் நாத்தனார் பெயரைச் சொன்னாள். ஏச்சு விழுந்தால் அவளுக்கு விழட்டுமாம். அன்று கடற்கரையில் நாம் சிரித்த சிரிப்பு!

அக்கா மட்டும் பெயர் வைக்கவில்லை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறை நிழலில் ஒரு மதியம் முழுக்கப் பேசினார். மீன் நாறுகிறது என்று பேருந்திலிருந்து தன்னை மழையில் நடுவழியில் இறக்கிவிட்டதையும், மறுநாள் அதே பேருந்தில் ஏறி, இறங்க மறுத்து முன்னிருக்கையில் உட்கார்ந்ததையும் சொன்னார். ஆய்வுக்கே உயிர் வந்துவிட்டது என்று நான் குதித்தேன்.

மறுநாள் காலையில் வந்து, அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தான் மீன் விற்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும் என்று பயம். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் கண்முன்னே அழித்து, ரெக்கார்டரை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நீ வாங்கித் தந்த ரசவடையைக்கூடக் கோபத்தோடுதான் தின்றேன்.

"அது அவங்களுக்க கத மக்கா. வேணும்னா அவங்களே கொண்டு வருவாங்க," என்றாய்.

அவர் கொண்டுவருவதற்குள் நீ காய்ச்சலில் போய்விட்டாய். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

நம் ஆய்வு புத்தகமாகி அச்சுக்குப் போகும் நேரம். அக்கா இல்லாமலேதான் போகப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இன்று காலை அவரே கூப்பிட்டார். கலியாணம் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். "அம்மா மீன் வித்துத்தான் என்னைப் படிக்க வச்சா" என்று மகளே புருஷன் வீட்டில் சொல்லிவிட்டாளாம். இனி யாருக்குப் பயப்பட என்று கேட்டார். அதே பாறையில் உட்கார்ந்து, அன்று சொன்னதைவிடக் கூடுதலாகவே சொன்னார். எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டேன்.

முடிவில், என்ன மாற்றுப்பெயர் போடட்டும் என்று கேட்டேன்.

"ஒனக்க கூட வருமே, அந்தக் கொளச்சல் பிள்ள. அதுக்க பேரைப் போடு. எங்க கடப்புறத்துல ஆருக்கும் அந்தப் பேரு கெடையாது. எவனும் கண்டுபிடிக்க மாட்டான்."

மீனைக் காகிதத்தில் பொதிந்து என் பைக்குள் வைத்தபடியே மெல்லச் சொன்னார்:

"கேட்ட ஒடனே அழிச்சுத் தந்த பிள்ளையில்லா அது."

இப்போது நடத்துனர் வந்து, பையைப் பார்த்து முகம் சுளித்து, மீனா என்று கேட்டார். ஆமாம், மீன்தான் என்றேன். என்னை இறங்கச் சொல்லவில்லை. பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டேன். அக்காவின் குரல் கைபேசியில் இருக்கிறது. அந்தப் பதிவுக்கு உன் பெயரை வைத்திருக்கிறேன். புத்தகம் வரும்போது நீதான் அந்தப் பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்று சொல்லப்போகிறாய்.