கல்லு தூங்கிகினு கீது

நேற்றுக் காலை பரணிலிருந்து அந்தச் செருப்புப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் கருவாட்டு நெடி. உள்ளே இருக்கும் கார்டுகள் பழுத்து மஞ்சளாகிவிட்டன, நெடி மட்டும் போகவில்லை. ராயபுரம் வீட்டில் அம்மா இதைக் கருவாட்டுப் பானைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தாள். எதற்கு இறக்கினேன் என்றால், நீ செத்துப்போன செய்தி பேப்பரில் வந்திருந்தது. இரண்டு அங்குல விளம்பரம், கண்ணாடி போட்டுக்கொண்டு இளிக்கிற போட்டோ. கீழே "மொழியியல் அறிஞர்" என்று போட்டிருந்தார்கள்.

உயிரோடு இருந்தவரை உன்னை "நீங்கள்" என்றுதான் சொன்னேன். செத்தவர்களுக்கு ஊர் மரியாதையைக் கூட்டும். நான் குறைக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, வராததற்கு வருத்தமும் இல்லை. சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. உன் காதில் விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் போகட்டும்.

அறுபதுகளின் கடைசி. பல்கலைக்கழக மொழியியல் துறையில் அந்தப் புது இலக்கணத்தைப் படிக்க வந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ஆக்கமுறை இலக்கணம் என்று அதற்குப் பேர். ஒரு கைப்பிடி விதிகளை வைத்துக்கொண்டு ஒரு மொழியின் வாக்கியங்கள் அத்தனையையும் பிறப்பித்துக் காட்டலாம் என்பது அதன் வீறாப்பு. அதில் சொற்களஞ்சியத்துக்கு என்ன இடம் என்பது நமக்குச் சேர்த்துக் கொடுத்த தலைப்பு. விதி வெறும் காலி நாற்காலிகளைத்தான் போடும்; இங்கே ஒரு பெயர்ச்சொல், அங்கே ஒரு வினைச்சொல் என்று. சொல்தான் வந்து உட்கார வேண்டும். வந்த சொல்லெல்லாம் கண்ட இடத்தில் உட்கார முடியாது. 'தூங்கு' என்ற வினை உயிருள்ளதைத்தான் பக்கத்தில் சேர்க்கும், கல்லைச் சேர்க்காது. அந்தக் கறாரை விதி வைத்திருக்கிறதா, அல்லது ஒவ்வொரு சொல்லும் தனக்கு யார் ஆகும், யார் ஆகாது என்று தானே எழுதி எடுத்து வருகிறதா? இந்தக் கேள்விக்காகச் சோறு தண்ணி மறந்து அலைந்தேன் என்று சொன்னால் என் தம்பி பிள்ளைகள் இன்றைக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அலைந்தேன். நீயும் அலைந்தாய், அதை மறுக்கவில்லை.

புத்தகத்துத் தமிழில் சோதித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நாம் வடசென்னைப் பேச்சில் பார்ப்போம் என்று சொன்னது நீ. "உங்களுக்கு அந்த ஏரியா தெரியும் ஸ்டெல்லா. நீங்க ஆட்களைக் காட்டுங்க, நான் தியரியைப் பார்த்துக்கறேன். புத்தகத்துல ரெண்டு பேர் பேரும் வரும்" என்றாய். ரெண்டு பேர் பேரும். என் அப்பா ஹார்பரில், கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் யந்திரத்தை ஓட்டுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்கள் தெருவிலிருந்து யார் பேரும் எந்தப் புத்தகத்தின் மேலும் ஏறியது கிடையாது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் விழுந்துவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் நேரத்துக்குச் சரியாக நீ வந்து இறங்குவாய். மூக்கில் கைக்குட்டை. வாசலுக்கு வந்ததும் அதை மடித்துப் பையில் வைப்பாய், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைப்பு. "வா நைனா, குந்து" என்று அப்பா பாயை விரிப்பார். அம்மா சங்கரா மீன் குழம்பு ஊற்றுவாள். உனக்கு முள் எடுக்கத் தெரியாது. அவளே முள்ளெடுத்து உன் தட்டில் வைத்தாள். நான் பிறந்து எனக்கு அவள் அப்படிச் செய்ததாக ஞாபகமில்லை.

பாதிச் சாப்பாட்டில் கேள்வி ஆரம்பிக்கும். ஒரு கார்டில் ஒரு வாக்கியம். நீ படித்துக் காட்டுவாய், அவர்கள் சொல்லலாம் என்றால் நான் டிக் போட வேண்டும், சொல்ல முடியாது என்றால் நட்சத்திரம். நட்சத்திரம் விழுந்த வாக்கியம் எந்த வாயிலும் வராது என்று அர்த்தம். நம் வேலையே நட்சத்திரங்களைப் பிடிப்பதுதான்; எது சொல்ல முடியாதது என்று தெரிந்தால்தான் சொல்லின் கறார் தெரியும்.

"கல்லு தூங்கிகினு கீது. இப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டாய், எங்கள் பாஷையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா உன் தட்டைப் பார்த்தாள்.

"சொல்லலாம் நைனா. அதுக்கு இன்னா இப்போ?" என்றார் அப்பா.

"உப்பு பேஜாராயி அழுவுது?"

"தாராளமா சொல்லலாம் சார். நீ துன்னு, ஆறிடப் போவுது" என்றாள் அம்மா.

"கப்பல் பசியில பீடி வலிக்குது?"

"அதுவும் சொல்லலாம்."

டிக், டிக், டிக். எல்லாம் என் கையால்.

நீ பஸ் ஏறினதும் எங்கள் வீட்டில் எழுந்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். "கல்லு தூங்குதாமே! எழுப்பி வுடு, பஸ்ஸுக்கு டைமாச்சி!" அம்மாதான் அதட்டினாள். "சிரிக்காதய்யா. படிச்சிப் படிச்சி அந்தப் புள்ளைக்கு மண்டையில இன்னாவோ ஆயிருக்குது. பாவம். அது எத்த கேட்டாலும் இல்லேன்னு மட்டும் சொல்லாத. சோறு துன்னுகினு கீற மனுசன்கிட்ட இல்லேன்ற பேச்சு ஆவாது."

அது எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூட உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார்கள், உப்பு வாங்கணும் என்பார்கள். தட்டுக்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார்கள். நீ சொல்லின் கறாரைத் தேடி வந்தவன். இருந்த ஒரே கறார் உன் தட்டில் இருந்தது. மீனைத் தின்றாய், அதைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், அதற்குள் கை நின்றுவிட்டது. ஒரு டம்ளர் தண்ணி குடித்துவிட்டு வருகிறேன்.

நான் சும்மாவே இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் வீட்டில் மண்ணெண்ணெய் பீப்பாய் அடுப்பங்கரை மூலையில் இருந்தது. "பீப்பா அங்க குந்திகினு கீதுப்பா" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். அப்பா திரும்பினார். "பீப்பா எங்கனா குந்துமாம்மே? மூட்ட குந்தும். பீப்பா நிக்கும். பைப்பு படுத்துக்கும். கீழ கீறவன் 'குந்துது, எறக்கு'ன்னா மூட்டன்னு நெனச்சி நானு கயித்தத் தளத்திடுவேன். அது பீப்பாவா இருந்தா உருண்டு நாலு பேரு தலை போவும். படிக்கிற பொண்ணு, பாத்துப் பேசு."

நாம் தேடின பதில் இதுதான். சொல் தன் கறாரைத் தானே எடுத்து வருகிறது. அது பிசகினால் ஹார்பரில் ஆள் சாகிறான். மறுநாள் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். கேள்வி கேட்கிற முறையை மாற்றுவோம், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், ஆமாவா இல்லையா என்று கேட்கவே வேண்டாம், அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கேட்போம் என்றேன். நீ பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாய்.

"ஒரு ஆள் சொன்னது ஆதாரம் ஆகாது ஸ்டெல்லா. அதுவும் உங்க அப்பா. டேட்டாவைக் கெடுக்காதீங்க. பேசறவங்களுக்குத் தங்கள் மொழியைப் பத்தித் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் நாம இருக்கோம்."

அந்த 'நாம'வுக்குள் நானும் இருக்கிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் டிக் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறும்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் புத்தகம் வந்தது. நீல அட்டை. உன் பேர் ஒன்றுதான். முன்னுரையில் தேடினேன், கடைசி வரியில் கிடைத்தது: "வாக்கியங்களைச் சரிபார்த்து உதவிய ராயபுரம் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு நன்றி." ஆராய்ச்சி மாணவி ஸ்டெல்லா அந்த 'ஒன்று'க்குள் மீன் சட்டியோடு சட்டியாகக் கிடந்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அச்சடித்து அட்டை போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேரைக்கூட விடு. உன் முடிவுரை? வடசென்னைத் தொழிலாளர் பேச்சில் சொற்களுக்குள் கட்டுப்பாடு தளர்ந்துபோயிருக்கிறது, எந்தச் சொல்லும் எதனோடும் சேரும், அவர்களுடைய சொற்களஞ்சியம் ஒழுங்குபடாத குவியல். மூட்டை குந்தும், பீப்பாய் நிற்கும் என்று பிரித்துச் சொல்லி நாலு உயிரைக் காப்பாற்றுகிற மனிதனின் வாயைக் குப்பைமேடு என்று எழுதிவிட்டாய்.

துறையில் ஒரு கூட்டம் வைத்து உன் புத்தகத்தைப் பாராட்டினார்கள். ஒருவர் எழுந்து உதாரணங்களை வாசித்தார். "கல்லு தூங்கிகினு கீது." அறையே சிரித்தது. எங்கள் வீட்டில் உன்னைப் பார்த்துச் சிரித்த அதே வாக்கியத்துக்கு இங்கே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீயும் சிரித்தாய். பெரிதாக இல்லை, அடக்கமாக, வெற்றி பெற்றவன் சிரிக்கிற மாதிரி.

கூட்டம் முடிந்து உன் அறைக்கு வந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர்கள் உனக்காகத்தான் ஆமாம் என்றார்கள், நீ போனதும் விழுந்து சிரித்தார்கள், உனக்குப் பைத்தியம் என்று பரிதாபப்பட்டார்கள், உன் புத்தகத்தில் இருப்பது எங்கள் பேச்சு இல்லை, எங்கள் விருந்து உபசாரம் என்றேன். உன் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நீ அலமாரியிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாய். ஒரு கார்டை உருவினாய்.

"இந்த டிக் யார் போட்டது? உங்க கையெழுத்துதானே ஸ்டெல்லா?"

கார்டை வாங்கிப் பார்த்தேன், என் டிக்தான்.

"தப்புன்னு தெரிஞ்சே போட்டீங்களா? அப்போ எதுக்குப் போட்டீங்க?"

கார்டைத் திரும்ப மேசைமேல் வைத்தேன்.

"என் பேர் மட்டும் வந்ததும்தான் இது தப்புன்னு தோணுதா?"

பாவி, சரியான இடத்தில் குத்தினாய். உன் வாழ்க்கையில் நீ சரியாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் திரும்ப அந்தத் துறைக்குப் போகவில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அடுத்தவர்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்துக் கொடுக்கிற வேலை. அதில்தான் ரிட்டையர் ஆனேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதபோது அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. "நம்ம பேச்ச கலீஜ்னு எழுதிட்டானா? எய்தட்டும். நம்ம பேச்சு அவன் பொஸ்தகத்துலயா கீது?" என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு இப்ப மண்டை தேவலாமா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். காலடிப்பேட்டைக்குக் குடிவந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோதும் கேட்டார். "தேவலாம்ப்பா" என்றேன். நோயாளியின் முன்னால் இல்லை என்ற பேச்சு ஆகாது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் எல்லாவற்றையும்விட, அவர் உன்மேல் வைத்திருந்த அந்த அக்கறைக்காகத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை. நீ ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். அவர் சாவுக்காவது வந்திருக்கலாம். முள்ளெடுத்துப் போட்ட அம்மா இருந்தாளே.

நேற்று பகல் முழுக்க உட்கார்ந்து கார்டுகளைத் திருத்தினேன். ஒவ்வொரு டிக்கையும் அடித்துவிட்டுச் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டேன். கல்லுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, பீடி வலிக்கிற கப்பலுக்கு ஒன்று. பெட்டி முழுக்க நட்சத்திரம். மூட்டை, பீப்பாய், பைப்பு மூன்றுக்கும் புதிதாகக் கார்டு எழுதி டிக் போட்டேன். உன் புத்தகத்துக்கு இனி யாரும் திருத்தம் எழுதப் போவதில்லை, தெரியும். ஆனாலும் என் கையால் போட்டதை என் கையால்தானே அடிக்க வேண்டும்.

அடியில் எழுதாத கார்டு ஒன்று மிச்சம் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: "நீல அட்டையில் என் பேரும் இருந்திருந்தாலும், அன்றைக்கு நான் உன் அறைக்கு வந்து உண்மையைச் சொல்லியிருப்பேன்."

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. அதற்கும் நட்சத்திரம்தான் போட்டேன்.