பென்சிலால் இரண்டு தட்டு

என் பிரியமுள்ள ரெண்டு டப்பாவுக்கு,

வெடி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் தையற்காரரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று உன் மகள் போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அதனால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. திட்டுவதற்குத்தான் நிறைய இருக்கிறது.

முதல் திட்டு, போனை எடுக்காததற்கு. நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டில் விளக்கு எரிவதற்குள் ஒயரைச் செருகுகிறவள் என்று பேர் வாங்கியவள் நீ. “வணக்கம், எந்த ஊர் வேணும்?” என்று நீ கேட்கிற குரலுக்காகவே அந்த மாவு மில்காரர் தினமும் வெளியூருக்கு ஒரு டிரங்க் கால் போட்டார். பாவம், சரக்கு விலை விசாரித்தாரோ இல்லையோ, உன்னை நலம் விசாரிக்காமல் வைத்ததில்லை. ஊரார் போனையெல்லாம் ஓடி ஓடி எடுத்துவிட்டு, என் போனை மட்டும் அடித்து அடித்து ஓயவிடுகிறாய். இது நன்றாக இருக்கிறதா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை எடுக்காமல் இருக்க முடியாது, உன் மகள் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

பிள்ளை அழுதுவிட்டாள், தெரியுமா? “பெரியம்மா, அம்மா தட்டை ரூமுக்கு எடுத்துட்டுப் போறாங்க. காலியா கொண்டு வர்றாங்க. நானும் சாப்பிடறாங்கன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். குப்பைக்கூடையைக் கொட்டப் போனா, அத்தனையும் பேப்பர்ல சுருட்டி உள்ள கிடக்கு” என்றாள். டாக்டர் வரச்சொன்ன தேதிக்கும் நீ போகவில்லையாம். டாக்டர் லீவு என்று நீயே ஒரு கதை கட்டினாயாம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், டாக்டர் அங்கே உட்கார்ந்து உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

நாம் பசியில் இருக்கும்போது “லைன் பிஸி, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு வாய் போட்டுக்கொள்வோமே, அதே பொய்யைத்தான் நீ இப்போது வீட்டில் சொல்கிறாய். அன்றைக்குச் சாப்பிடுவதற்காகச் சொன்னோம். இன்றைக்குச் சாப்பிடாமல் இருப்பதற்காகச் சொல்கிறாய். அந்த வித்தையெல்லாம் என்னிடம் செல்லாது, எனக்கும் அதே சம்பளம்தான் கொடுத்தார்கள்.

எதற்கு இப்படிச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷனில் எடுத்த அந்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்கிறாய். சாப்பிட்டால் அந்த வேர்வை, படபடப்பு எல்லாம் வந்து நிற்கிறது. சாப்பிடாவிட்டால் வருவதில்லை. டாக்டரிடம் போனால் வாயைத் திறந்து சொல்லிவிடுவார். அதனால் போகவில்லை. சரிதானே?

அடியே, அதே நோய்க்கு எனக்கு வயிற்றை எடுத்து வீட்டுக்கு வந்த புதிதில் நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. பார்க்க வந்த நாத்தனார் பெரிய டம்ளர் நிறையப் பழச்சாறு பிழிந்து, சர்க்கரையை அள்ளிப்போட்டு, “தெம்பு வரும், ஒரே மூச்சில குடிங்க அண்ணி” என்று நீட்டினாள். நானும் மரியாதைக்குக் குடித்து வைத்தேன். கொஞ்ச நேரம்தான். நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கிறது, முதுகெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, கண்ணை இருட்டுகிறது, வயிற்றைப் பிசைகிறது. முடிந்தது கதை என்று நினைத்துவிட்டேன். தையற்காரரைக் கூப்பிட்டு பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். அவரும் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டார். அப்புறம் கழிவறைக்கு ஓடினேன், வந்து படுத்தேன், எழுந்தபோது ஒன்றுமே இல்லை. பீரோ சாவியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “பயப்படாதீங்கம்மா. முன்ன எல்லாம் வயிறு சாப்பாட்டைப் பிடிச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா கீழ அனுப்பும். இப்ப வாசல்ல ஆளில்ல. குடிச்சதெல்லாம் மொத்தமா குடலுக்குள்ள பாய்ஞ்சுடுது, அதான் படபடப்பு. இனிப்பா இருந்தா இன்னும் மோசம்” என்றாள். சிலருக்குச் சாப்பிட்டு ஓரிரண்டு மணி நேரம் கழித்தும் கை நடுங்கி மயக்கம் வருமாம், அது சர்க்கரை இறங்குவதால் என்றாள். உனக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை எடுத்து, மிச்ச வயிற்றைக் குழாய் மாதிரி மேலே இழுத்துத் தைத்திருக்கிறார்களே, உனக்கும் இதெல்லாம் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நீ அன்றைக்கு எந்தக் காதால் கேட்டாயோ.

அப்புறம் அந்த நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே வேளையாக உட்கார்ந்து நிறையச் சாப்பிடாதீங்க, நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. நல்லா மென்னு முழுங்கிட்டு அடுத்த வாய் எடுங்க. சாப்பிடும்போது தண்ணி வேண்டாம், முன்னாலயோ பின்னாலயோ குடிங்க. சாப்பிட்டு உடனே படுக்காதீங்க, நிமிர்ந்து உட்காருங்க. அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையற்காரர் என் கையைக் கிள்ளுகிறார், நான் அடங்கவில்லை. “இதை நாங்க சர்வீஸ் முழுக்க செஞ்சிருக்கோம்மா” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

உனக்குப் புரியும். அந்த நீள அறை, வரிசையாகப் போர்டுகள், பின்னாலேயே செருப்பு கிறீச்சிட நடக்கும் நம் சூப்பர்வைசர் கண்ணாடியம்மா. போர்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று சட்டம். மேசை இழுப்பறைக்குள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு விளக்குக்கு நடுவில் ஒரு வாய். வாயில் வைத்துக்கொண்டு “வணக்கம்” சொல்ல முடியாது, அதனால் சின்ன வாய், வேகமாக இல்லாமல் நன்றாக மென்று. தண்ணீரைத் தொடமாட்டோம், தொட்டால் பாத்ரூம் போகக் கண்ணாடியம்மாவிடம் கை தூக்க வேண்டும். சாய்ந்து உட்காரக் கூட ஹெட்போன் ஒயர் விடாது. காலையில் திறந்த டப்பா ஷிஃப்ட் முடியும்போதுதான் காலியாகும். உன்னுடையது மட்டும் இரண்டு டப்பா. ஒன்று உனக்கு, ஒன்று அன்றைக்கு எவள் வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சாப்பாடில்லாமல் வந்தாளோ அவளுக்கு. பெரும்பாலும் அது நான்தான்.

சாப்பிடப் போகிறேன் என்பதற்குப் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு. பக்கத்து சீட்காரி ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி நம் போர்டின் விளக்குகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பஸ்ஸில் எவளாவது நகத்தால் கம்பியைத் தட்டினால் என் கை தானாக நீளுகிறது.

புயல் அடித்த அந்த நாளை மறந்துவிட்டாயா? எனக்கு மாசம் நிறைந்துகொண்டிருந்தது. அடுத்த ஷிஃப்ட்காரிகள் வர முடியவில்லை. போர்டு முழுக்க விளக்கு, ஊரே யாரையோ தேடிக்கொண்டிருந்தது. நான் பசியில் கிறுகிறுத்து சாய்ந்தேன். பென்சிலைத் தட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. நீதான் என் பென்சிலை எடுத்து, எனக்காக நீயே இரண்டு தட்டு தட்டினாய். அப்புறம் வலது கையால் இரண்டு போர்டையும் பார்த்துக்கொண்டு, இடது கையால் எனக்கு ஊட்டினாய். “இடது கையால ஊட்டறேன்னு கோவிச்சுக்காத, வலது கை ஆபீஸ் வேலையில இருக்கு” என்றாய். கண்ணாடியம்மா பின்னால் வந்து நின்றார். பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார். என் மகன் இன்றைக்கு இவ்வளவு உயரத்தில் நிற்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் இடது கைதான் ஞாபகம் வருகிறது.

வேர்வையும் படபடப்பும் போகட்டும், தொண்டைக்குக் கீழே சாப்பாடு சிக்கி நிற்கிறது என்று மகளிடம் ஒருநாள் சொன்னாயாம். எனக்கும் நின்றது. ரொட்டி நின்றது, அப்புறம் முட்டை நின்றது, கடைசியில் கஞ்சி கூட யோசித்து யோசித்து இறங்கியது. தைத்த இடம் ஆறும்போது சுருங்குமாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அதை விரித்துவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு மசித்துச் சாப்பிட்டேன். உனக்கும் அதுவேதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், நான் டாக்டர் இல்லை. நீ பயப்படுகிற அதுவாகவே இருந்தாலும், பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது போய்விடாது. பார்த்துச் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். நீ போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இளைத்துப்போனதைப் பற்றியும் கவலைப்படுகிறாயாம். கண்ணாடியை நான் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். என் ரவிக்கைகளை எல்லாம் தையற்காரர் மாதா மாதம் பிடித்துச் சின்னதாக்கிக்கொண்டே வந்தார். ஒருநாள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து மடித்துத் தைத்திருக்கிறார். ஏன் வெட்டவில்லை என்று கேட்டதற்கு, “நாளைக்குப் பிரிக்க வேணாமா?” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து ஒரு முழு முட்டையைச் சாப்பிட்டு முடித்தேன். அப்புறம் ஒரு மாதம் ரவிக்கை பிடிக்கிற வேலை அவருக்கு இல்லாமல் போனது. பழைய சுற்றளவு வரவில்லை, வராது. ஆனால் எடை இறங்கியது நின்றது. போன மாதம் ஒரே ஒரு தையலைப் பிரித்தார், அதற்குத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார் மனிதர்.

இன்னமும் எனக்குச் சில நாள் மாடிப்படி ஏறினால் உயிர் போகிறது. தலைமாட்டில் தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குகிறேன். வயிறில்லாதவர்களுக்குப் போடுகிற வைட்டமின் ஊசிக்கு ஒழுங்காகப் போகிறேன். விசேஷ வீடுகளில் என் தட்டைப் பார்த்து நாலு பேர் உச்சுக் கொட்டுகிறார்கள். கொட்டட்டும், அவர்கள் வாய். நீ உன் வீட்டாருக்காக முழுத் தட்டைப் போட்டுக்கொள்ளாதே. சின்ன தட்டு, சின்ன வாய், இரண்டு விளக்குக்கு நடுவில் சாப்பிடுகிற மாதிரி.

உன் மகளிடம் சொல்லி வரும் வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நீ வரமாட்டேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் புதன்கிழமையே நான் அங்கே வந்து இறங்குகிறேன். பஸ்ஸுக்கும் சீட்டு எடுத்தாயிற்று. டாக்டர் அறைக்குள் உன்னோடு வருவேன். அவர் என்ன சொன்னாலும் நாம் இருவரும் சேர்ந்து கேட்போம். உனக்குக் காது அடைத்துப்போனால், நான் கேட்டு வைத்துக்கொண்டு அப்புறம் மெதுவாகச் சொல்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ இல்லாமல் நான் யாரோடு இந்தக் கதையெல்லாம் பேசுவேன் என்று நினைத்து நேற்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை வரைக்கும் ஒரு காரியம் செய். நான் போன் பண்ணும்போது எடு. பேச வேண்டாம். வணக்கம் கூடச் சொல்ல வேண்டாம். பென்சிலால் இரண்டு தட்டு மட்டும் தட்டிவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிடு. தட்டத் தெம்பில்லை என்றால் சொல்லியனுப்பு, உனக்காக நானே தட்டுகிறேன். நீ மென்று முடிக்கிற வரை நான் இந்தப் பக்கம் இருப்பேன். எத்தனை விளக்கு எரிந்தாலும் எரியட்டும், உன் போர்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சாப்பிடு கண்ணு.

நீ நூறு வருஷம் நல்லாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் பக்கத்து சீட்காரி,
வெடி