காட்டிக்கொடுத்த மீன்தொட்டி

ஜூன் 9, 2024, ஞாயிறு

மீன்தொட்டியில் மறுபடியும் பாசி. "இந்தச் சனியனையெல்லாம் ஒருநாள் குழம்பு வைக்கத்தான் போறேன்!" என்று எங்க வீட்டுக்காரர் முனீஸிடம் கத்தினேன். ஆறு வருஷமாக இதே பாட்டுத்தான். அவர் டீக்கடைக்குப் போனதும் தொட்டியைக் கழுவிவிட்டேன். கறுப்பு மீன் என் விரலைக் கொத்திக் கொத்தி விளையாடியது. கழுதை, என்ன அழகு! பாசி தின்னும் மீன்தான் சுத்தம் செய்கிறது என்று இவர் தெருவெல்லாம் பெருமை பேசுகிறார். பேசட்டும். விஷயம் தெரிந்தால் என் கெத்து என்னாவது?

ஜூன் 14

பனியன் கம்பெனியில், ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஊசி ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. பிளாஸ்டர் ஒட்டினேன். சாயங்காலம் அதோடு தொட்டியிலும் கை விட்டேன்.

ஜூலை 12

அதே இடத்தில் கட்டி. விரலை மடக்க முடியவில்லை. மாத்திரை கேட்கவில்லை. சூப்பர்வைசர் செல்லாத்தாள் அக்கா, "ஏங் கண்ணு, இந்தக் கையோட மிஷின்ல எப்படி உக்காருவே? செக்கிங்குக்குப் போயிக்கிறயா?" என்றார். செக்கிங்கா? அடுத்தவர் தைத்ததில் பிசிறு பார்க்கவா? நானா?

ஆகஸ்ட் 2

ஒரு கட்டி மூன்றாகி மணிக்கட்டுப் பக்கம் ஏறுகிறது. பயமா இருக்கு — விரலை எடுத்துட்டா? தையலை விட்டா எனக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 5

தோல் டாக்டரம்மாவின் முதல் கேள்வியே, "வீட்டுல மீன் வளர்க்கிறீங்களா?"

இவர் முந்திக்கொண்டார். "நான் வளர்க்கிறேன் மேடம். இவ தொட்டிப் பக்கமே வரமாட்டா. மீனைக் கண்டாலே ஆகாது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். கட்டியில் துளி வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பர் 9

ரிசல்ட் வந்துவிட்டது. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி. டி.பி. கிருமிக்குப் பங்காளியாம், ஆனால் ஆளுக்கு ஆள் ஒட்டாது. மீன்தொட்டித் தண்ணீரில் இருந்து புண் வழியாக ஏறுமாம். மாசக்கணக்கில் மாத்திரை, விரல் தப்பிக்கும் என்றார் டாக்டரம்மா. அழுதேவிட்டேன்.

"இப்பச் சொல்லுங்க, தொட்டியில கை விட்டது யாரு?"

சொல்லிட்டேன். வேற என்ன பண்ண? "நாந்தான் கழுவுவேன். ரெண்டு வருஷமா."

இவர் வாயைப் பிளந்தார். "அப்ப அந்தப் பாசி தின்னி?"

"அது தின்னுட்டுத் தூங்குது."

எங்க ஊர் முதலிபாளையம் வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார். மானம் போச்சு.

டிசம்பர் 8, ஞாயிறு

கட்டி வற்றிவிட்டது. போன வாரத்திலிருந்து மறுபடி மிஷினில்தான் இருக்கிறேன். இவர் சாயப்பட்டறை ஆட்கள் போடும் நீள ரப்பர் கையுறை வாங்கி வந்தார். ஒரே ஜோடி. வலது எனக்கு, இடது அவருக்கு. மற்ற கையை ஆளுக்கொரு பக்கம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இருவருமாகத் தொட்டி கழுவினோம்.