முப்பது பெட்டிகளில் என் பெயர்

மார்ச் 12, வியாழன், மாலை ஐந்து மணி

அக்கா, ஒரு தப்பு செய்துவிட்டேன். சோப்புப் பெட்டிகளில் வைக்கும் நன்றிச் சீட்டுகள் முப்பதிலும் உன் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போட்டுவிட்டேன். முதல் சீட்டில் கை தவறியது. மீதி இருபத்தொன்பதும் தெரிந்தே எழுதியது.

"சோப்பைவிட அந்தக் கையெழுத்துச் சீட்டுதான் பிடிச்சிருக்கு" என்று யாரோ ஐந்து நட்சத்திரம் போட்டதை நேற்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினாய். "அது யாருடி எழுதினது?" என்று அம்மா கேட்டாள். "ரெண்டு வரி கிறுக்குறதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்றாய். எழுதியது நான்தான் என்று நீ சொல்லவே இல்லை. ஆன்லைனில் நம் சோப்பு முதல் பக்கத்துக்கு வந்தது உன் உழைப்பால்தான். அது தெரிந்தும் மனசு அடங்கவில்லை.

ஆறு மணிக்குக் கூரியர்காரர் வருவார். கதவோரம் இருக்கும் அந்த முப்பதைக் கொடுக்காதே, மற்றதைக் கொடு. சூப் அடுப்பில் இருக்கிறது. வகுப்பு முடிந்து எட்டரைக்கு வருவேன்.

எழுத மறந்தது: அந்த முப்பதும் நாளை காலை பத்து மணிக்குள் கூரியர் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் தாமதம் என்று நம் கடைக்கு மதிப்பெண் குறையும். அதனால் நான் காலை ஆறு மணிக்கு எழுந்து எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் புதுச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். கீழே யார் பெயரைப் போடுவது என்று மட்டும் நீ சொல்.