யாரும் அடையாளம் காணவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் பத்திரிகையும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

உன் வக்கீல் அனுப்பிய பிரமாணப் பத்திரம் வந்தது. 'ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா' என்று கூடவே குழைந்திருக்கிறாய். ஜாமீனில் வந்த அந்த ஆள் உன்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கிறானாம். உன் செய்தியில் பெயர் போடாவிட்டாலும் அதைப் படித்தவர்கள் எல்லாரும் அவன்தான் என்று புரிந்துகொண்டார்களாம், மானம் போய்விட்டதாம். பெற்ற மகளையே நாசம் செய்தவனுக்கு மானம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு பத்திரத்தைப் படித்தேன். உன் செய்தியைப் பார்த்து எங்களை யாரும் அடையாளம் காணவில்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமாம். எங்களைத் தெரியவில்லை என்றால் அவனையும் தெரியவில்லை, வழக்கு நிற்காது என்பது உன் கணக்கு.

உன் செய்தி வருவதற்கு முந்தின நாள்தான் நீதிபதியம்மா எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அவன் முகம் தெரியாதபடி நடுவில் திரை போட்டு, என் பெண்ணைப் பேச வைத்தார். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை ஊரின் இன்னொரு பேப்பரில் அவன் பெயரும் அவனுடைய டிரைவிங் ஸ்கூல் பெயரும் இருந்தன. யாரோ ஒரு சிறுமி என்று அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். உன் பேப்பரில் பெயர் இல்லை. பெற்ற தகப்பன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நம் தெருமுனை சலூனில் இரண்டு பேப்பரும் வாங்குவார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? மதியத்துக்குள் தெருவே எங்கள் ஜன்னலைப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தோம்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இந்த மாதிரி வழக்கில் பிள்ளை யாரென்று தெரியாமல் இருக்க எல்லாப் பேப்பரும் பேசி வைத்துக்கொண்டு ஒன்றுபோலப் பெயரை விடுவார்கள், இல்லையென்றால் உறவை விடுவார்கள் என்று என் சமையலறையில் நின்று பெருமையடித்தவன் நீ. அவள் சாட்சி சொன்ன அன்று மாலை அந்த இன்னொரு பேப்பர்காரர் உனக்குப் போன் செய்து, 'நாங்க பேரு போடுறோம், உறவு போடலை, நீங்களும் அப்படியே போடுங்க' என்றாராமே. 'அப்பன்ங்கிறதுதாங்க செய்தியே' என்று போனை வைத்தாயாம். நீயே சொன்னதுதான். சட்டப்படி நாங்க சுத்தம்க்கா என்றும் சொன்னாய்.

பத்திரத்தை நான் ஒளித்து வைத்திருக்க வேண்டும். பிள்ளை எடுத்துப் படித்துவிட்டாள். 'நெஜமாவே யாருக்கும் தெரியாதாம்மா? அப்போ நான் பழைய ஸ்கூலுக்கே போறேனே' என்றாள். உன் எழுத்தை அவள் இன்னும் நம்புகிறாள்.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை. அவன் உன்னை ஜெயித்துவிட்டால், அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இவளைப் பொய்க்காரி என்பான் என்று எங்கள் வக்கீலம்மா பயப்படுகிறார். அவனை உள்ளே தள்ள, உன்னைக் காப்பாற்ற வேண்டிய கதியில் எங்களை நிறுத்திவிட்டாய்.

எங்களைத் தேடி வராதே. உன் வீட்டிலும் ஒரு பெண் வளர்கிறாள். அவளைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதாமல் இருக்கட்டும். என் மனமார்ந்த ஆசி அதுதான்.

இப்படிக்கு,
சிறுமியின் தாய்