பாயசமும் சிறுகுறிஞ்சான் இலையும்

அன்பு மகள் ப்ரியதர்ஷினிக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்கக் கோமதியம்மன் துணை. போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால்தான் கடிதம். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆராய்ச்சிச் செய்தி அனுப்பினாயே, அதில் மேல்பாதியை மட்டும் படித்தேன், ‘மேலும் படிக்க’ என்று இருந்ததை அமுக்கவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் நாலு இலை மென்றேன். குருவிகுளத்தில் பெத்துராஜ் மகள் கல்யாணம், சமையல் நம்முடையது. இலையை மென்ற வாயோடு பாயசத்தை ருசி பார்த்தேன், தித்திப்பே இல்லை. சீனி போடச் சொன்னேன், மறுபடியும் மண் மாதிரி இருந்தது, இன்னும் போடு என்றேன். முப்பது வருஷம் கரண்டி பிடித்த எனக்குச் சந்தேகமே வரவில்லை, மளிகைக்காரரைத்தான் திட்டினேன். பந்தியில் யாரும் இரண்டாம் வாய் வைக்கவில்லை. பெத்துராஜ் வந்து, "அண்ணாச்சி, இது பாயசமா, பாகா? எங்க மாமா தண்ணி கேட்டு அலையுதாரு" என்றார். உன் அம்மா என் வாயைப் பார்த்தாள், பல்லெல்லாம் பச்சை. "மாத்திரைய விட்டுட்டு இலையவா திங்கிய?" என்று கல்யாண வீடென்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை முந்நூற்றுப் பத்து. கால்விரலில் புண் வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. இப்படியே இருந்தால் உன் பிரசவத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார், அப்போதுதான் மகளே, சட்டைப்பையில் மிச்சமிருந்த இலையை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அந்த இலை நாக்கின் தித்திப்பைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுமாம். இலையை அவர் பழிக்கவில்லை. சின்னச் சின்ன ஆராய்ச்சிகளில் சிலருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரைக்குப் பதில் அது போதும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, இரண்டையும் சேர்த்துத் தின்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியும் போகலாம், எதுவானாலும் என்னிடம் கேட்டுச் செய்யுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியின் மீதியைப் படித்தேன், அதன் கீழே நீயும் அதையேதான் எழுதியிருந்தாய். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ கண் கலங்கக்கூடாது. இரண்டு மாதமாக மாத்திரை தவறவில்லை, புண் ஆறிவிட்டது. நேற்று நூற்று இருபத்தெட்டு. போய்வாருங்கள் என்று டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிடு.

பிள்ளையும் நீயும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். உனக்குத் தந்திருக்கிற இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விடாதே. நான் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், பரவாயில்லை, சிரித்துக்கொண்டே போடு.

புறப்பட்டு வருகிற உன் அப்பா,
பொன்னுச்சாமி