உன் அம்மாவுக்கு நான் வைத்த ரசம்

என் விரல்களில் பெருங்காய வாசனை வருகிறது. நேற்று காலையில் தொட்டது. இரண்டு முறை குளித்துவிட்டேன், ஆபீஸ் போய் எட்டு மணி நேரம் கீபோர்டைத் தட்டிவிட்டும் வந்துவிட்டேன், இன்னும் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் லேசாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பெல்லாம் இந்த வாசனை உன் விரலில்தான் இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வது நானாக இருக்கும்.

நேற்று உன் அம்மா வந்திருந்தார். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. உன் துணிமணிகளை எடுத்துப்போக என்றாவது வருவார் என்று மூன்று மாதமாக எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் துணியைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், நான் சமைத்ததை ஒரு வாய் சாப்பிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னார். பெண்ணைப் பறிகொடுத்த ஒருவர் அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்து என் சமையலை ஏன் சாப்பிடவேண்டும்? பாசம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விசாரணைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். பால் பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தாலும் முகர்ந்து பார்ப்பேன். வீட்டுக்காரம்மா சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். வேலையும் அப்படித்தான் அமைந்தது, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடும் வேலை. "உன்ன வேலைக்கி எடுத்தவன் புத்திசாலிடி" என்பாய். ஆனால் இந்த முறை என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஓட்டை என் பக்கம் இருந்தது.

உன் அம்மா உன்னை முதன்முதலில் நாம் வாடகைக்கு எடுத்த இந்த வீட்டில் கொண்டுவந்து விட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சிப்பம் அரிசி, உன் மாத்திரை டப்பா, கூடவே ஒரு நிபந்தனை. உனக்குப் பதினோரு வயதில் அடுப்பங்கரையில் வலிப்பு வந்து, முழங்கையில் சூடு பட்டதை எனக்கு விவரமாகச் சொன்னார். அதன்பிறகு உன்னை அடுப்புப் பக்கமே விட்டதில்லை என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சமைப்பியாமா? நெருப்பாண்ட மட்டும் இவள வுட்றாதம்மா" என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ கும்பிட்டுக்கொண்டிருந்தாய். சமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது சுடுதண்ணீர் வைக்கத் தெரியும். அதுவும் கெட்டிலில்.

நான் சமைத்தது மூன்று நாள். நான்காம் நாள் நீ எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாய். தடுத்தேன். அப்போதுதான் நீ அந்த ஒப்பந்தத்தைச் சொன்னாய். அடுப்பு எரிகிற நேரம் முழுவதும் நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவேண்டும், பாத்ரூம் போவதென்றாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான். நீ ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடமாட்டாய். உயிர் போனாலும் உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. நான் உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், நீ இடது கையால் கிண்டிக்கொண்டிருப்பாய். சாப்பிடுவது மட்டும்தான் உனக்கு வலது கை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் பஸ் பிடித்துக் கடற்கரையில் மீன் வாங்கப் போவோம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான், மீனை வாங்கத் தெரியும், என்ன செய்வதென்று தெரியாது. சங்கராவின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். மீன்காரம்மா திட்டுவார். நீ எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுவாய்.

சாயங்காலம் உன் அம்மா போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். நீ கூசாமல், மொச்சைக் குழம்பு, அவள்தான் வைத்தாள் என்பாய். சில நாள் போன் என்னிடம் வரும். மொச்சை எத்தனை விசில் என்று கேட்பார். நீ எதிரில் நின்று விரலைக் காட்டுவாய், நான் ஒப்பிப்பேன். அப்போது நமக்குச் சிரிப்பாக இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நீ மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே வலிப்பு வந்திருக்கிறது, அபூர்வமாக இப்படி நடப்பதுண்டு, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். காரியத்துக்கு நான் ஊருக்கு வந்தபோது உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு வருடம் நெருப்பில் நின்றதால்தான் உன் உடம்பு கெட்டது என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், அதை உறுதி செய்துகொள்ள ஒருநாள் வருவார் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆகவே நான் சமைத்தாகவேண்டும். இரண்டு வருடமாகத் தினம் சமைத்தவளைப் போலச் சமைக்கவேண்டும்.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று நீ சொன்னது உதவியது. "மூணு போதும். ஒரு ரசம், ஒரு வறுவல், அப்பளம். நாலாவது வச்சா மூணும் கெட்டுப்போவும்" என்பாய். மீன் பக்கமே போகாதே, மீன் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பாய். ஆள் வருவதற்கு அரை மணி முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கவேண்டும், அப்போதுதான் சமைக்கத் தெரிந்தவள் மாதிரி இருக்கும் என்பாய்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு எது முதலில், எது பிறகு என்று எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ரசம் வைத்தேன். நெல்லிக்காய் அளவு புளி என்றால் எந்த நெல்லிக்காய்? முதல் நாள் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் போட்டு வாய் கூசிப்போனது. இரண்டாம் நாள் தாளிப்பு கருகி வீடெல்லாம் புகை. மூன்றாம் நாள்தான் உன் கை ஞாபகத்துக்கு வந்தது. தக்காளியைக் கையால் பிசைந்து கரைப்பாய், மிளகு சீரகம் பூண்டை ஒன்றிரண்டாகத் தட்டுவாய், நுரை கூடி மேலே வரும்போது கொதிக்கவிடாமல் இறக்கிவிட்டுக் கடைசியில் தாளிப்பாய். அப்படியே செய்தேன், ரசம் ரசமாக வந்தது. உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி, மூடி போடாமல் வதக்கி, பாதி வெந்த பிறகு உப்புப் போட்டேன். அது ஒட்டாமல் முறுகலாக வந்தபோது நீ இருந்து பார்க்கவில்லையே என்று அழுதுவிட்டேன்.

அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுப்புக்கு இடது பக்கம் நீ வைத்திருந்த உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு, லைட்டர், கரண்டி மாட்டும் ஆணி எல்லாவற்றையும் வலது பக்கம் மாற்றினேன். இடது கைக்காரி ஒருத்தி புழங்கிய சமையலறை என்று உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாதே. திருடன்கூட அவ்வளவு கவனமாகத் தடயத்தை அழித்திருக்கமாட்டான்.

நேற்று காலை அதே மாதிரி சமைத்து முடித்தேன், பதினொன்றரைக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார். ஒரு பையில் முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். உன் அறைக்குப் போவார் என்று நினைத்தேன், நேராகச் சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். சுவரில் பழைய ஆணி இருந்த ஓட்டையைத் தடவினார். பிறகு உருளைக்கிழங்கு சட்டியில் கிடந்த மரக்கரண்டியை எடுத்தார். அதை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு வருடம் நீ கிண்டியதில் அதன் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. அவர் வலது கையில் பிடித்துச் சட்டியில் வைத்துப் பார்த்தார், படியவில்லை. இடது கைக்கு மாற்றினார், வழவழவென்று ஓடியது. கழுவி வைத்துவிட்டு, "சோறு போடும்மா" என்றார்.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அவ இங்க அடுப்பாண்ட நின்னாளா?"

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தும் என் வாய் தன் வேலையைச் செய்தது. இல்லை, நான் விடவே இல்லை, ஒரு நாள்கூட விடவில்லை, எல்லாம் நான்தான் என்றேன். கரண்டியை யாரோ ஒரு இடது கைக்காரி இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தாள் என்று ஒரு கதையும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். இல்லை என்றால் கோபம். இரண்டும் வரவில்லை. இருந்த கொஞ்சம் வெளிச்சமும் போய்விட்டது. கையைத் தட்டிலேயே உதறிவிட்டு, சோற்றைப் பாதியில் விட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"அப்ப நான் தான்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் நீ கெஞ்சியிருக்கிறாய், ஒரே ஒரு நாள் நான் ரசம் வைக்கிறேன் என்று. அத்தனை வருடம் விடாதவர் அன்று மனது கேட்காமல் விட்டிருக்கிறார்.

"நான் தான் வுட்டேன். பக்கத்துலயே நின்னுக்கினு பாத்தேன். மறுநாள் அவ ஏந்திரிக்கல. டாக்டரு ஆயிரம் சொல்லட்டும், நெருப்பாண்ட நிக்கவச்சி நான் தான் அனுப்பிட்டேன்."

இன்னொன்றும் சொன்னார். அன்று நீ தாளித்தபோது உன் கை தடுமாறவே இல்லையாம். "புதுசா செய்றவ கை மாரியே இல்லம்மா. அதான் கேக்க வந்தேன். தெனம் செஞ்சிருப்பாளோ, அன்னிக்கி ஒரு நாளு செஞ்சதுல ஒண்ணும் ஆயிருக்காதோன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன். டப்பாக்களைத் திறந்ததும், சுவரைத் தடவியதும், கரண்டியைக் கை மாற்றிப் பார்த்ததும் என்னைக் குற்றம் சாட்ட அல்ல. நீ சமைத்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடியிருக்கிறார். எல்லாரையும் சந்தேகப்படுகிற எனக்கு, தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒருவர் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது தெரியவில்லை. என் தலை தப்பவேண்டும் என்று நான் சொன்ன பொய், மகளைக் கொன்ற பழியை அவர் தலையில் அழுத்தி வைத்திருந்தது.

உன் தலையில் வைத்த கையை நினைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"அவதான்மா தினம் சமைச்சா. ரெண்டு வருஷமும் அவதான். மொத மூணு நாளுக்கு அப்புறம் நான் அடுப்பத் தொட்டதே இல்ல. வாசல்ல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். வலிப்பு ரெண்டு தடவ வந்தது, ஒண்ணு ரயில்ல, ஒண்ணு டிவி பாக்கும்போது. உங்ககிட்ட சொல்லவேணாம்னு சொல்லிட்டா. அடுப்புகிட்ட ஒரு தடவகூட வரல."

அவர் என்னைத் திட்டவில்லை. நான் ஏன் பொய் சொன்னேன் என்றும் கேட்கவில்லை. "இன்னோரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டார், ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். பிறகு என்னென்ன செய்வாள் என்று கேட்டார். திங்கட்கிழமை தக்காளிச் சாதம், செவ்வாய்க்கிழமை கீரை என்று ஆரம்பித்து, சங்கராவுக்கு நீ புளி கரைத்து ஊற்றுவது வரைக்கும் சொன்னேன். மொச்சைக்கு மூன்று விசில் வைப்பாள் என்றதும், "நாலு வெக்கணும்" என்று திருத்தினார். அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

உன் துணிகளில் ஒரு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதியை நான் கட்டிக்கொள்ளவேண்டுமாம். பஸ் ஏற்றிவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன்.

உன்னிடம் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் கொடுத்த வாக்கை முதலில் உடைத்தேன், இப்போது உன்னுடையதையும். இரண்டையும் நான்தான் சுமக்கவேண்டும், சுமந்துகொள்கிறேன். உனக்குக் கோபம் என்றால் கோபித்துக்கொள். ஆனால் பாதியில் விட்ட தட்டை உன் அம்மா திரும்ப இழுத்து வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.